பால்குடிப் பிள்ளை பண்ணும் ஸ்டிரைக்!

பஸ் ஸ்டிரைக் என்றால் ஷேர் ஆட்டோ இருக்கிறது. பாங்க் ஸ்டிரைக் என்றால் ஏ.டி.எம். இருக்கிறது. தீப்பெட்டி ஆபீஸில் ஸ்டிரைக் என்றால் பேசித் தீர்த்து வைக்க எங்கள் கோவில்பட்டியில் அனுபவசாலிகள் இருக்கிறார்கள். ஆனால், மொத்தமே எட்டரை கிலோ எடையும் நாலே நாலு பல்லும் உள்ள ஒருவர், ஒரு நாள் காலையில் திடீரென்று 'எனக்குத் தாய்ப்பால் வேண்டாம்' என்று முகத்தைத் திருப்பிக்கொண்டால் என்ன செய்வீர்கள்?

முன்னறிவிப்பு கிடையாது. யூனியன் தலைவர் கிடையாது. கோரிக்கை என்ன என்று கேட்டால் பதில் கிடையாது. அழுகை மட்டும் உண்டு!

'இது பொம்பளைங்க சமாச்சாரம்' என்று பக்கத்தைப் புரட்டப் போகும் சகோதரர்களே, கொஞ்சம் பொறுங்கள். பால் கொடுப்பது ஒன்றைத் தவிர, இந்த ஸ்டிரைக்கில் மற்ற எல்லா வேலையும் ஆண்பிள்ளை செய்யக்கூடியதுதான். பிரம்மச்சாரிகளும் படிக்கலாம். இன்ஷூரன்ஸ் மாதிரி, முன்கூட்டியே எடுத்து வைப்பது நல்லது.

எங்கள் வீட்டில் நடந்ததையே சொல்கிறேன். பையனுக்கு ஒன்பது மாசம். பங்குனி மாசத்து வெயில். சனிக்கிழமை ராத்திரி வரை ஒழுங்காகப் பால் குடித்தவன், ஞாயிற்றுக்கிழமை காலையில் மடியில் போட்டதும் வில்லாக வளைந்தான். இரண்டு கையாலும் தள்ளினான். எங்கள் ஊர் ஹாக்கிக்குப் பேர்போன ஊர். அன்றைக்கு அவன்தான் கோல்கீப்பர். ஒரு பந்து உள்ளே போகவில்லை.

மத்தியானமும் அப்படியே. சாயங்காலமும் அப்படியே. பருப்புச் சாதம் மட்டும் நாலு வாய் வாங்கினான். ராத்திரி அவன் அழுது களைத்துத் தூங்கின பிறகு என் மனைவி மெதுவாகக் கேட்டாள்:

"ஏங்க... அவனுக்கு என்னையப் பிடிக்கலையோ?"

இந்தச் சமாச்சாரத்தில் கனமான இடம் இதுதான். பிள்ளை வேண்டாம் என்று சொல்வது பாலை. அம்மாவின் காதில் விழுவதோ 'நீ வேண்டாம்' என்று. ஒன்பது மாசம் சுமந்து, ஒன்பது மாசம் தூக்கம் கெட்டு வளர்த்தவளுக்கு இதைவிடப் பெரிய மெமோ எந்த ஆபீஸிலும் கொடுக்க முடியாது.

நிபுணர்கள் வருகை

மறுநாள் திங்கட்கிழமை. தெரு முழுக்கத் தகவல் போய்விட்டது. கமிட்டி கூடியது.

"பால் வத்திப் போச்சு தாயி. ஒம்பது மாசம் குடிச்சதே பெருசு" என்றார் எதிர்வீட்டு ஆச்சி.

"கண்ணு பட்டிருக்கு. வத்தலச் சுத்திப் போடுங்க" என்றாள் என் அத்தை. போட்டோம். கரிசல்காட்டு வத்தல் அல்லவா... குழந்தை இருமினான், நாங்கள் இருமினோம், கமிட்டி மொத்தமும் இருமியது. கண் பட்டதோ இல்லையோ, எல்லோருக்கும் கண் எரிந்தது.

"தொக்கம் விழுந்திருக்கும். எடுக்கிற ஆளு எனக்குத் தெரியும், கூட்டிட்டு வரவா?" என்றார் இன்னொருவர். நான் கையெடுத்துக் கும்பிட்டு அனுப்பி வைத்தேன். தொக்கம் எடுக்கிறேன் என்று பச்சைப் பிள்ளையின் தொண்டைக்குள் விரலை விடுவதும் குழல் வைத்து ஊதுவதும் ஆபத்தான வேலை. மூச்சே அடைத்துப் போகலாம்.

ஆபீஸ் நண்பர் ஒருவர் நாலு பாக்கெட் கடலைமிட்டாயோடு வந்தார். "இதை நாக்குல வச்சுப் பாருங்க சார், தானா வாய் திறப்பான்!" கோவில்பட்டிக் கடலைமிட்டாய் 2020-ல் புவிசார் குறியீடு வாங்கிய சமாச்சாரம்; எங்களுக்குப் பெருமைதான். ஆனால் ஒன்பது மாதக் குழந்தைக்கு நிலக்கடலைப் பருப்பு ஆகவே ஆகாது. மூச்சுக் குழாயில் போய் உட்கார்ந்துகொள்ளும். ஆகவே நாலு பாக்கெட்டையும் நானே தின்று தீர்த்தேன்.

கடைசியாக வந்தவர் சொன்னது: "டப்பாப் பால் வாங்கிக் குடுங்க. எம் பேரன் அதைக் குடிச்சுத்தான் கொழுகொழுன்னு இருக்கான்."

இத்தனை பேரும் நல்ல எண்ணத்தில்தான் வந்தார்கள். ஆனால் ஒவ்வொருவரும் போகும்போது ஒரு தீர்ப்பை விட்டுவிட்டுப் போனார்கள். எல்லாத் தீர்ப்பிலும் குற்றவாளி ஒரே ஆள்... என் மனைவி!

ஸ்டிரைக்கா? ராஜினாமாவா?

செவ்வாய்க்கிழமை குழந்தைகள் டாக்டரிடம் தூக்கிக்கொண்டு போனோம். அவர் முதலில் கேட்ட கேள்வி: "திடீர்னு நிறுத்தினானா, கொஞ்சம் கொஞ்சமா குறைச்சானா?"

எல்லாமே இந்தக் கேள்வியில்தான் இருக்கிறது. ஆபீஸ் பாஷையில் சொல்கிறேன், உங்களுக்குச் சட்டென்று புரியும்.

ராஜினாமா பண்ணுகிற ஆள் நோட்டீஸ் கொடுப்பார். ஒவ்வொரு பொறுப்பாக ஒப்படைப்பார். தானாகப் பால்குடியை மறக்கிற பிள்ளையும் அப்படித்தான். முதலில் மத்தியானப் பாலை விடும். இரண்டு வாரம் கழித்துச் சாயங்காலப் பாலை விடும். கடைசியாக ராத்திரிப் பாலை விடும். இதற்கு வாரக்கணக்கில், மாசக்கணக்கில் ஆகும். இது பெரும்பாலும் ஒரு வயசு தாண்டின பிறகுதான் நடக்கும். பல பிள்ளைகளுக்கு இரண்டு வயசைத் தொட்டும் நடக்கும்.

நேற்று வரை குடித்துவிட்டு இன்று திடீரென்று மறுப்பது ராஜினாமா அல்ல, ஸ்டிரைக். டாக்டர்களே இதற்கு 'நர்சிங் ஸ்டிரைக்' என்றுதான் பெயர் வைத்திருக்கிறார்கள். பெரும்பாலும் இரண்டு நாளில், நாலு நாளில் முடிந்துவிடும். சில பிள்ளைகள் பத்து நாள் கூட இழுக்கும்.

மூன்றாவது ஒன்றும் உண்டு, லாக்-அவுட்! அது நிர்வாகத்தின் நடவடிக்கை. நம் ஊரில் பால்குடி மறக்கடிக்க வேப்பிலையை அரைத்துத் தடவுவார்கள், வேப்பெண்ணெய் தடவுவார்கள். பிள்ளை வாய் வைத்துப் பார்த்துவிட்டு முகத்தைச் சுளிக்கும். பிள்ளையை மறக்கடிக்க நம்மிடம் எத்தனையோ கைவைத்தியம் இருக்கிறது. பிள்ளையே முந்திக்கொண்டால் என்ன செய்வது என்பதற்குத்தான் யாரிடமும் ஒன்றும் இல்லை. அதனால்தான் ஸ்டிரைக்கை ராஜினாமா என்று நினைத்து, 'சரி, விட்டுட்டான்' என்று செட்டில்மெண்ட் பண்ணி அனுப்பி விடுகிறோம்.

இன்னொரு குழப்பமும் உண்டு. அம்மா பகல் முழுக்க வேலைக்குப் போகிற வீடுகளில், பிள்ளை பகலில் பேருக்குக் கொஞ்சம் குடித்துவிட்டு ராத்திரி முழுக்க அம்மாவை விடாது. அது ஸ்டிரைக் இல்லை. ஷிஃப்ட் மாற்றம்!

எதற்காக இவ்வளவு மெனக்கெட வேண்டும்? உலக சுகாதார நிறுவனம் சொல்கிற கணக்கைப் பாருங்கள். முதல் 6 மாதம் தாய்ப்பால் மட்டும். அதற்குப் பிறகு மற்ற சாப்பாட்டோடு சேர்த்து 2 வயசு வரைக்கும், அதற்கு மேலும் தாய்ப்பால். ஆறு மாசத்திலிருந்து ஒரு வயசு வரை, பிள்ளைக்குத் தேவையான சக்தியில் பாதியோ அதற்கு மேலோ தாய்ப்பாலிலிருந்தே கிடைக்கும். ஒன்றிலிருந்து இரண்டு வயசுக்குள் மூன்றில் ஒரு பங்கு. பாதிச் சம்பளம் நின்றுபோனால் நாம் சும்மா இருப்போமா?

கோரிக்கைப் பட்டியல்

எங்கள் பையனின் காதுக்குள் டாக்டர் வெளிச்சம் அடித்துப் பார்த்தார். "ஆங்... இதான் விஷயம்!" ஒரு வாரமாக இருந்த சளி காதுக்குப் போயிருந்தது. பால் உறிஞ்சும்போது காதுக்குள் அழுத்தம் மாறி வலிக்கும். படுத்த வாக்கில் குடித்தால் இன்னும் வலிக்கும். சாதத்தை உட்கார்ந்தபடி விழுங்குவதில் அவ்வளவு வலி இல்லை. அதனால்தான் பருப்புச் சாதத்துக்குச் சம்மதம், பாலுக்கு ஆட்சேபணை. மூன்று நாளாக அவன் சொன்னது 'அம்மா வேண்டாம்' இல்லை. 'காது வலிக்குது' என்பதுதான்!

எல்லா வீட்டிலும் காதாகவே இருக்காது. டாக்டர் சொன்னதையும், அதற்குப் பிறகு நான் தேடிப் படித்ததையும் சேர்த்துப் பட்டியல் போட்டேன்.

மூக்கடைப்பு: வாய் நிறையப் பால் இருக்கும்போது மூச்சு மூக்கு வழியாகத்தான் போக வேண்டும். மூக்கும் அடைத்திருந்தால் பிள்ளை என்ன செய்யும்?

பல்: ஈறு வீங்கியிருக்கும்போது உறிஞ்சினால் வலிக்கும். வாய்க்குள் புண்ணோ, வெள்ளை வெள்ளையாக மாவு படிந்ததோ இருந்தாலும் அப்படித்தான்.

கடி: புதுப் பல் வந்த பிள்ளை நறுக்கென்று கடித்து, அம்மா 'ஆ' என்று அலறியிருப்பாள். அவள் வலியில் கத்தினாள். பிள்ளை பயந்துபோய் மறுபடி கிட்டே வரவில்லை.

வாசனை: புது சோப்பு, புது சென்ட், புதுத் தைலம். 1975-ல் இங்கிலாந்தில் மாக்ஃபர்லேன் என்ற டாக்டர் ஒரு சோதனை செய்தார். பிறந்து ஒரு வாரம் கூட ஆகாத பிள்ளைகளின் தலைக்கு ஒரு பக்கம் சொந்த அம்மாவின் பால் நனைந்த துணி, இன்னொரு பக்கம் வேறு அம்மாவின் துணி. பிள்ளைகள் சொந்த அம்மா பக்கமே அதிகம் திரும்பின. அவ்வளவு மூக்கு! அப்படிப்பட்டவனுக்கு முன்னால் மல்லிகை சென்ட் அடித்துக்கொண்டு போய் நின்றால் 'யாரம்மா நீ?' என்றுதான் பார்ப்பான்.

சுவை: மார்பில் பால் கட்டி வீங்கினால் பால் லேசாகக் கரிக்கும். மாதவிலக்கு திரும்பி வரும்போதும், அடுத்த குழந்தை உண்டாகியிருந்தாலும் பால் மாறும். 'பூண்டு சாப்பிட்டாயா, அதான் பிள்ளைக்குப் பிடிக்கலை' என்று மட்டும் பழி போடாதீர்கள். 1991-ல் அமெரிக்காவில் பிலடெல்பியா நகரத்து மோனெல் ஆராய்ச்சி மையத்தில் ஜூலி மெனெல்லா, கேரி போசாம்ப் என்ற இருவர் இதைச் சோதித்துப் பார்த்தார்கள். அம்மாக்களுக்குப் பூண்டு மாத்திரை கொடுத்தார்கள். பாலில் பூண்டு வாசனை வந்ததும் பிள்ளைகள் வழக்கத்தைவிட அதிக நேரம் மார்பை விடாமல் பிடித்துக்கொண்டிருந்தன! பிள்ளை பெற்றவளுக்குப் பூண்டுக் குழம்பு வைத்துக் கொடுத்த நம் பாட்டிமார்களுக்கு ஒரு கும்பிடு.

வேடிக்கை: எட்டு, ஒன்பது மாசத்துப் பிள்ளைக்கு உலகமே டி.வி. கதவு கிறீச்சிட்டால் திரும்பும். பக்கத்தில் நீங்கள் செல்போனில் ரீல்ஸ் பார்த்துக்கொண்டிருந்தால் அதற்கும் திரும்பும்.

பாட்டில்: ரப்பர் காம்பில் பால் தானாகக் கொட்டும். அம்மாவிடம் உழைத்தால்தான் வரும். உழைக்காமல் சம்பளம் வருகிற இடத்துக்குப் போகிறவனை நாம் குறை சொல்ல முடியுமா?

பேச்சுவார்த்தை

கரிசல்காட்டில் மழை பெய்த மறுநாளே ஏர் பூட்ட மாட்டார்கள். இறங்கினால் மண் காலைப் பிடித்துக்கொள்ளும். ஈரம் கொஞ்சம் வாங்கி, பதம் வரணும். அதற்குள் அவசரப்பட்டால் காடும் கெடும், மாடும் கெடும்.

ஸ்டிரைக் பண்ணும் பிள்ளையிடமும் முதல் விதி இதுதான். பலவந்தம் கூடாது. தலையைப் பிடித்து மார்பில் அழுத்தினால், அந்த இடமே சண்டைக்களம் என்று பிள்ளை முடிவு பண்ணிவிடும். பட்டினி போட்டால் வழிக்கு வருவான் என்பதும் தப்பு. பசித்து வீறிடுகிற பிள்ளை நிதானமாகப் பால் குடிக்காது.

பதம் வருகிற நேரம் எது? தூக்கம் வரும்போதும், தூக்கம் கலையும்போதும். அரைத் தூக்கத்தில் இருக்கிற பிள்ளைக்குத் தான் ஸ்டிரைக்கில் இருப்பதே மறந்து போகும். விளக்கை அணைத்துவிட்டு, கதவைச் சாத்திவிட்டு, செல்போனை வேறு ரூமில் வைத்துவிட்டு, அம்மாவும் பிள்ளையும் உடம்போடு உடம்பு ஒட்டிச் சும்மா படுத்திருக்கலாம். பால் கொடுக்கணும் என்று கூட இல்லை. கொஞ்சுவதும் விளையாடுவதும் மட்டும் போதும். சில பிள்ளைகள் நடந்துகொண்டே ஆட்டினால் குடிக்கும். காது வலி, மூக்கடைப்பு என்றால் நிமிர்த்தி வைத்துக் கொடுக்கலாம்.

எங்கள் வீட்டில் மருந்து ஆரம்பித்து மூன்றாம் நாள் விடியற்காலை நாலரை மணிக்கு உடன்பாடு ஏற்பட்டது. கரண்ட் இல்லை. இருட்டு. பையன் லேசாக முனகினான். மனைவி தூக்கி மடியில் சாய்த்தாள். ஒரு நிமிஷம் ஒன்றும் நடக்கவில்லை. அப்புறம் 'மொச்... மொச்...' என்று சத்தம் கேட்டது. நான் மூச்சு விடாமல் படுத்திருந்தேன். தூரத்தில் ரயில் போகிற சத்தம். இருட்டில் அவள் முகம் தெரியவில்லை. மூக்கை உறிஞ்சியது மட்டும் கேட்டது. அன்றைக்கு நான் எதுவும் பேசவில்லை. பேசினால் பையன் திரும்பிப் பார்ப்பான் அல்லவா!

இறைக்கிற கிணறு

பேச்சுவார்த்தை நடக்கிற நாட்களில் உற்பத்தி நிற்கக் கூடாது. அதுதான் முக்கியம். இறைக்கிற கிணறுதான் ஊறும் என்பது கரிசல்காட்டில் யாருக்கும் சொல்லித்தர வேண்டியதில்லை. பாலும் அதே கணக்கு. எவ்வளவு வெளியே போகிறதோ அவ்வளவு உடம்பு ஊற வைக்கும். எடுக்காமல் விட்டால், 'ஓஹோ, தேவையில்லை போல' என்று உடம்பு குறைத்துக்கொள்ளும். எதிர்வீட்டு ஆச்சி சொன்ன 'பால் வத்திப் போச்சு' அப்போதுதான் உண்மையாகும். அதோடு மார்பில் பால் கட்டி, வலி, காய்ச்சல் என்று வேறு தொந்தரவும் வரும்.

ஆகவே, பிள்ளை வழக்கமாகக் குடிக்கிற நேரத்துக்கெல்லாம் பாலைப் பீய்ச்சி எடுக்க வேண்டும். கையாலும் எடுக்கலாம், பம்ப்பிலும் எடுக்கலாம். எடுத்த பாலைப் பிள்ளைக்கே கொடுக்கலாம். பாட்டில் வேண்டாம். நம் வீட்டுப் பாலாடை இருக்கிறதே, அது போதும். இந்தப் பாலாடை லேசுப்பட்டதல்ல. பச்சிளம் குழந்தை மருத்துவப் புத்தகங்களில் 'பாலாடை' என்ற நம் தமிழ்ச் சொல்லையே அப்படியே இங்கிலீஷில் எழுதி வைத்திருக்கிறார்கள்! ஒன்பது மாசத்துப் பிள்ளை சின்ன டம்ளரில் கூடக் குடிக்கும். பாதி சட்டையில் ஊற்றும்... பரவாயில்லை.

எடுத்த பாலை 25 டிகிரி வரை உள்ள அறையில் நாலு மணி நேரம் வைக்கலாம் என்கிறார்கள். நம் ஊரில் சித்திரை மாசம் 25 டிகிரி என்பது ஃப்ரிட்ஜுக்குள் தலையை விட்டால்தான் கிடைக்கும். எனவே உடனே கொடுத்துவிடுங்கள், அல்லது மூடி ஃப்ரிட்ஜில் வையுங்கள். அங்கே நாலு நாள் இருக்கும். அடுப்பில் காய்ச்ச வேண்டாம். வெந்நீர்க் கிண்ணத்துக்குள் வைத்தாலே சூடாகும். பிள்ளை வாய் வைத்த மிச்சத்தை அடுத்த வேளைக்கு எடுத்து வைக்கக் கூடாது. தேன் தொட்டு வைத்து ஆசை காட்டுவதும் வேண்டாம். ஒரு வயசுக்குள் தேனே ஆகாது.

டப்பாப் பால் விஷயம். குழந்தைப் பால் பவுடருக்கும் பால் பாட்டிலுக்கும் விளம்பரம் செய்வதையும் இலவச சாம்பிள் கொடுப்பதையும் நம் நாட்டில் 1992-ல் சட்டம் போட்டுத் தடுத்தார்கள். 2003-ல் அதை இன்னும் இறுக்கினார்கள். டப்பாவிலேயே 'தாய்ப்பால்தான் சிறந்தது' என்று எழுதியிருக்கும். தேவைப்படுகிற பிள்ளைக்கு அது வேண்டியதுதான். கொடுக்கிற தாயைக் குறை சொல்ல யாருக்கும் உரிமை இல்லை. ஆனால் அதைத் தீர்மானிக்க வேண்டியவர் டாக்டர். ஸ்டிரைக் ஆரம்பித்த மறுநாளே கமிட்டி தீர்மானிக்கக் கூடாது.

அப்பாவுக்கு ஆர்டர்

1. வாசல் டூட்டி: வருகிறவர்களுக்குக் காபி கொடுங்கள், தீர்ப்பை வாசலிலேயே வாங்கி வைத்துக்கொள்ளுங்கள். 'பால் இருக்கு ஆச்சி, பிள்ளைக்குத்தான் காது வலி' என்று நீங்கள் சொல்லுங்கள். அவள் சொன்னால் சமாளிப்பு என்பார்கள். நீங்கள் சொன்னால் தகவல்!

2. பாலாடை டூட்டி: எடுத்த பாலை நீங்கள் கொடுங்கள். பாலாடையைக் கழுவி, வெந்நீரில் கொதிக்க வைப்பதும் உங்கள் வேலைதான்.

3. கணக்கு டூட்டி: பிள்ளை ஒரு நாளைக்கு எத்தனை தடவை ஒண்ணுக்குப் போகிறது என்று எண்ணுங்கள். ஆறு தடவை நன்றாக நனைத்தால் கவலை வேண்டாம். மார்ச் மாசக் கணக்கு முடிப்பதைவிட இது சுலபம்.

4. சாப்பாட்டு டூட்டி: இந்த வயசில் மூன்று, நாலு வேளை குழைந்த சாதம், பருப்பு, காய், பழம், கம்பங்கஞ்சி என்று கொடுக்க வேண்டும். அவளும் நேரத்துக்குச் சாப்பிட்டாளா என்று பாருங்கள்.

5. வாய் டூட்டி: 'உங்க அம்மா உனக்கு என்ன குடுத்தா?' என்று தொடங்கும் எந்த வாக்கியத்தையும் முடிக்காதீர்கள்.

டாக்டரிடம் உடனே ஓட வேண்டிய நேரமும் உண்டு. ஒண்ணுக்குப் போவது குறைந்தால், உச்சிக்குழி உள்ளே இறங்கினால், அழுதால் கண்ணீர் வராவிட்டால், காய்ச்சல் அடித்தால், பிள்ளை துவண்டு கிடந்தால், பால் மட்டுமில்லாமல் எதையுமே விழுங்க மறுத்தால், நாலு பேரிடம் யோசனை கேட்காமல் உடனே தூக்கிக்கொண்டு போங்கள். அதிலும் ஆறு மாசத்துக்குள் உள்ள பிள்ளை பாலை மறுத்தால் ஒரு நாள் கூடக் காத்திருக்காதீர்கள்.

லீவு லெட்டர்

பிள்ளையின் ஸ்டிரைக்குக்கும் அம்மாவின் ஆபீஸுக்கும் சம்பந்தம் உண்டு. நாள் முழுக்கப் பிரிந்திருப்பதும் ஒரு காரணம். 1961-ல் மகப்பேறு நலச் சட்டம் எழுதியவர்களுக்கு இது தெரிந்திருக்கிறது. பிள்ளைக்கு 15 மாசம் ஆகும் வரை, வேலை நேரத்தில் பால் கொடுக்க இரண்டு இடைவேளை என்று அன்றைக்கே எழுதினார்கள். 2017-ல் செய்த திருத்தத்தில் விடுமுறை 12 வாரத்திலிருந்து 26 வாரமானது. 50 பேரோ அதற்கு மேலோ வேலை செய்கிற இடத்தில் குழந்தைகள் காப்பகம், அங்கே அம்மா ஒரு நாளைக்கு நாலு தடவை போய் வரலாம் என்பதும் வந்தது. தமிழ்நாடு அரசு தன் ஊழியர்களுக்கு 2021 ஜூலை முதல் 12 மாத விடுமுறை என்றது. மத்திய அரசு ஊழியரான அப்பாக்களுக்கு 1997 முதல் 15 நாள் லீவு உண்டு. 2015 ஆகஸ்டில் தமிழ்நாட்டு பஸ் ஸ்டாண்டுகளில் 350-க்கும் மேற்பட்ட தாய்ப்பால் அறைகளைத் திறந்தார்கள்.

இதெல்லாம் ரெஜிஸ்டரில் கையெழுத்துப் போடுகிறவர்களுக்கு. விடியுமுன்னே தீப்பெட்டி ஆபீஸ் வேனில் ஏறுகிறவளுக்கும், வேப்ப மரத்தில் சேலைத் தொட்டில் கட்டிவிட்டு மிளகாய்ப் பழம் எடுக்கக் குனிகிறவளுக்கும் எந்த லீவு லெட்டர்? ஸ்டிரைக் பண்ணுகிற பிள்ளையோடு நாலு நாள் இருட்டறையில் படுத்திருக்க அவளால் முடியாது. நாலு நாள் கூலி போய்விடும். அவள் வீட்டில் மாமியாரோ புருஷனோ செய்கிற உதவிதான் அவளுக்கு லீவு. ராத்திரியாவது பிள்ளையோடு அவளை ஒட்டிப் படுக்க விடுங்கள். பாத்திரம் காலையில் கழுவிக்கொள்ளலாம்.

உண்மையிலேயே ராஜினாமா என்றால்?

ஒன்றரை வயசுப் பிள்ளை கொஞ்சம் கொஞ்சமாக விலகினால் சந்தோஷமாக விடை கொடுங்கள். டம்ளரில் பால், தட்டில் சாப்பாடு, மடியில் அம்மா, எல்லாம் இருக்கத்தான் போகிறது. ஒரு வயசுக்குள்ளேயே ஸ்டிரைக் முடியாமல் நிரந்தரமாகிவிடுவதும் உண்டு. எல்லா முயற்சியும் செய்த பிறகு அப்படி ஆனால், என்ன பால், எவ்வளவு என்று டாக்டரிடம் கேட்டுக் கொடுங்கள். குற்றவாளிக் கூண்டை மடக்கி வைத்துவிடுங்கள்.

எப்படி முடிந்தாலும் அவளுக்குக் கொஞ்ச நாள் மனசு பாரமாக இருக்கும். காரணமில்லாமல் அழுவாள். 'தொல்லை விட்டதுன்னு நினைச்சுக்கோ' என்று ஆறுதல் சொல்லாதீர்கள். அவளுக்கு அது தொல்லையாக இருந்ததே இல்லை. மார்பு வலித்தால், வலி தீரும் அளவுக்கு மட்டும் கொஞ்சம் பீய்ச்சி எடுத்து, நாளுக்கு நாள் குறைத்துக்கொண்டே வரலாம்.

ஆபீஸ் மானேஜர்களுக்கும் ஒரு வார்த்தை. சார், நாளைக்கு உங்கள் செக்ஷனில் ஒருவர் வந்து, 'வீட்டுல ஸ்டிரைக், ரெண்டு நாள் லீவு வேணும்' என்று தலையைச் சொறிந்தால், எந்த யூனியன் என்று விசாரிக்காதீர்கள். கையெழுத்துப் போட்டுக் கொடுங்கள். அந்த யூனியனில் ஒரு காலத்தில் நீங்களும் மெம்பராக இருந்தவர்தான்!